இருபது மெத்தைகளின் பெருமை

அரச குடும்பம் தனக்கேற்ற மருமகளை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை 'இளவரசியும் பட்டாணியும்' போல இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. அச்சில் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரைப் பக்கம். ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதிய இந்தக் கதை 1835 மே 8 அன்று கோபன்ஹேகனில், ரைட்சல் வெளியிட்ட ஒரு சிறு நூலில் வேறு மூன்று கதைகளோடு வந்தது. குழந்தைகளுக்குச் சொன்ன கதைகள் என்று நூலின் தலைப்பிலேயே அறிவித்திருந்தார்கள். அப்போது டென்மார்க்கை ஆண்டவர் ஆறாம் ஃபிரெடெரிக். 1660 முதல் அந்த நாட்டில் அரசர் வைத்ததுதான் சட்டம். பிறப்பு எல்லாவற்றையும் தீர்மானித்த ஒரு நாட்டில், உயர்ந்த பிறப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நான்கு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொல்வது எளிய காரியமல்ல. பெரியவர்களுக்கே படித்துத் தெரிந்துகொள்ள ஆண்டுகள் பிடிக்கும் பாடம் அது. இந்தக் கதையைக் கேட்கும் குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஆகவே இதைப் போற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. நான் பாராட்டப்போகும் ஒவ்வொன்றும் கதையில் உள்ளது. என் பங்காக எதையும் கூட்டவில்லை.

முதலில் இளவரசன். அவனுக்கு வேண்டியது மெய்யான இளவரசி. அவளைத் தேடி உலகம் முழுக்கச் சுற்றுகிறான். இளவரசிகளுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஒவ்வொருத்தியிடமும் ஏதோ ஒன்று சரியில்லை. என்ன சரியில்லை என்று அவன் சொல்வதில்லை, கதையும் கேட்பதில்லை. வழியில் யாரோடாவது பேசினானா, எந்தப் பெண்ணிடமாவது அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டானா என்பதும் இல்லை. குறிக்கோளில் அவனுக்கு இருந்த உறுதி அப்படிப்பட்டது. கடைசியில் துயரத்தோடு வீடு திரும்புகிறான். இவ்வளவு தூரம் நடந்து இவ்வளவு பேரைப் பார்த்தவன், தான் மெய்யான இளவரசன்தானா என்று ஒருமுறைகூட ஐயப்பட்டதில்லை. அவனுடைய மெத்தைக்கு அடியில் எவரும் எதையும் வைத்ததுமில்லை. தன்னைப் பற்றி இப்படி ஒரு தெளிவு வாய்ப்பது பெரும் பேறு. கதை கேட்கும் ஆண் குழந்தைகளுக்கு அந்தத் தெளிவு தாமதமில்லாமல் கிடைத்துவிடுகிறது.

அடுத்துக் கிழ ராஜா. இடியும் மின்னலும் மழையுமாக ஓர் இரவு. நகரத்தின் வாயில் தட்டப்படுகிறது. கிழவர் தாமே போய்த் திறக்கிறார். காவலாளைக் கூப்பிடவில்லை, விடியட்டும் என்று இருக்கவில்லை. இவரை நான் எந்தக் குறையும் இல்லாமல் பாராட்டுகிறேன். கதை முழுவதிலும் இன்னொருவருக்காக எழுந்து நடந்தவர் இவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு கதையில் அவருக்கு வேலை இல்லை.

வாசலில் நிற்கிறாள் ஒரு பெண். தலைமுடியிலும் உடையிலும் தண்ணீர் வழிகிறது. செருப்பின் முனை வழியாக நுழைந்து குதிகால் வழியாக வெளியே வருகிறது. தான் மெய்யான இளவரசி என்கிறாள். கிழ ராணி, பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் படுக்கையறைக்குப் போகிறாள். இந்த இடத்தில் ராணியின் நிதானத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். எலும்பு வரை நனைந்த பெண்ணுக்கு உலர்ந்த உடை கொடுத்ததாகக் கதையில் இல்லை. சூடாகக் குடிக்க எதையாவது தந்ததாகவும் இல்லை. எங்கிருந்து வருகிறாய், யாரைத் தொலைத்தாய், ஏன் இந்த இரவில் தனியாக நிற்கிறாய் என்ற எந்தக் கேள்வியும் இல்லை. ராணியின் கவனம் முழுக்க ஒரே காரியத்தில் இருக்கிறது. விருந்தாளி உண்மையா என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்பது ஓர் ஒழுங்கு. அந்த ஒழுங்கை அவள் நடுச்சாமத்திலும் தவறவிடவில்லை.

சோதனையின் அமைப்பும் சிறப்பானது. கட்டிலில் இருந்த படுக்கை எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, பலகையின் மேல் ஒரு பட்டாணி. அதன் மேல் இருபது மெத்தைகள். அவற்றின் மேல் ஐடர் வாத்தின் மென்தூவி அடைத்த இருபது மெத்தைகள். நாட்டை ஆளப்போகிறவள் என்ன படித்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள அறிஞர் குழு வேண்டும். நியாயம் தெரிந்தவளா என்று பார்க்க ஒரு வழக்கைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இரக்கம் உள்ளவளா என்று பார்க்கக் காத்திருக்க வேண்டும், சில நேரம் ஆண்டுக்கணக்கில். ராணியின் முறைக்கு ஓர் இரவு போதும். பெண்ணின் அறிவும் மனமும் அதில் குறுக்கிடுவதே இல்லை, அவளுடைய தோல் ஒன்றே பதில் சொல்லிவிடும்.

நாற்பது மெத்தைகளையும் ராணியே எடுத்து அடுக்கியதாகத்தான் கதை போகிறது. கூட ஒரு வேலைக்காரியின் கையும் தெரிவதில்லை. அந்த வயதில் அவளுக்கிருந்த வலுவை மெச்ச வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சிறுமி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் இதையெல்லாம் யார் இறக்கி மடித்து வைத்தார்கள் என்று கேட்டாள். அவளுடைய அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். படுக்கை விரிப்பவர்களும் மடிப்பவர்களும் இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகள் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் கேட்டதில்லை. இளவரசி எப்படி அவ்வளவு உயரம் ஏறினாள் என்றுதான் அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் படப் புத்தகங்கள் தயாராக இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஓர் ஏணி சார்த்தி நிற்கிறது.

அந்தத் தூவி மெத்தைகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐடர் வாத்து தன் மார்பின் மென்தூவியைப் பிடுங்கிக் கூட்டில் பரப்பித்தான் முட்டைகளுக்குச் சூடு கொடுக்கிறது. அன்று டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்தின் கரைகளில், மக்கள் கூடு கூடாகப் போய் அதைக் கையால் சேகரித்துச் சுத்தம் செய்தார்கள். ஒரு கிலோ தூவிக்கு ஏறக்குறைய 60 கூடுகள் வேண்டும். ஒரு மெத்தையில் ஒரு கிலோதான் அடைத்தார்கள் என்று குறைத்து வைத்தாலும், ராணி விரித்த இருபதுக்கு 1,200 கூடுகள். கடற்காற்றில் குனிந்து நிமிர்ந்து இத்தனை கூடுகளையும் தேடியவர்கள் இரவில் எதன் மேல் படுத்தார்கள், அவர்களுக்கு உறக்கம் வந்ததா என்பதைக் கதை சொல்லவில்லை. ஒன்றரைப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்காது. எதற்கு இடம் தருவது என்பதில் கதைக்குக் குழப்பமே இல்லை.

விடிந்ததும் எப்படித் தூங்கினாய் என்று கேட்கிறார்கள். மிக மோசம், இரவு முழுக்கக் கண்ணே மூடவில்லை, படுக்கையில் என்ன இருந்ததோ தெரியவில்லை, உடம்பெல்லாம் கன்றிப்போய்விட்டது என்கிறாள் இளவரசி. உடனே எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது, இவள் மெய்யானவள். திருமணம் நடக்கிறது.

குழந்தைகளுக்கு இந்தக் கட்டத்தை நிதானமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மழையில் நின்றவளை உள்ளே விட்ட வீடு. அந்த வீட்டில் இருந்த மெத்தைகள் எல்லாம் அவளுக்கு. காலையில் அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல் குறை. அந்தக் குறையைச் சொன்னதால்தான் அவளுக்கு முடி கிடைக்கிறது. நம் ஊரில் ஒரு பெண் இப்படி அயல்வீட்டில் ஒதுங்கினாள் என்றால், முதுகு பிளந்துபோயிருந்தாலும் "நல்லாத் தூங்கினேம்மா, உங்களுக்குத்தான் சிரமம்" என்றுதான் சொல்லுவாள். நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்தது அது. விருந்தோம்பியவரின் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தன் வலியை விழுங்குகிறவள், ராணியின் அரண்மனையில் ஒரே வாக்கியத்தில் தோற்றுப்போயிருப்பாள். பட்டாணிக்கு மேல் படுத்து, அதை முழுக்க உணர்ந்து, பிறருக்காக வாய் திறக்காமல் இருந்தவள் எவளாவது முன்பு அந்த வாயிலுக்கு வந்து திரும்பிப் போயிருந்தாலும் எவருக்கும் தெரிந்திருக்காது. அவ்வளவு துல்லியமான சோதனை இது. நன்றியும் நாகரிகமும் ஒருத்தியிடம் இருந்தால் அவற்றையும் சேர்த்து வடிகட்டி வெளியே அனுப்பிவிடுகிறது.

இதைப் போன்ற ஓர் அளவுகோல் ஐரோப்பாவின் தனிச்சொத்து என்று நாம் ஏங்க வேண்டியதில்லை. நம்முடைய வேதாளக் கதைகளில் பழையதாகவே இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதாசரித்சாகரத்தில், வேதாளம் சொல்லும் கதைகளில் ஒன்றாக வருகிறது. தந்தையின் வேள்விக்குக் கடலிலிருந்து ஓர் ஆமை கொண்டுவரப் போகிறார்கள் மூன்று மகன்கள். ஆமை கிடைத்துவிட்டது. யார் தூக்குவது? அதன் வழுவழுப்பும் நாற்றமும் என் கைக்கு ஆகாது என்று ஒருவன். நான் உணவில் நுட்பன், நான் பெண்களில் நுட்பன், நான் படுக்கையில் நுட்பன் என்று வாதம் முற்றி, அரசனிடம் வழக்குப் போகிறது. அரசன் சோதிக்கிறான். சோற்றில் சுடுகாட்டு வாடை என்கிறான் முதல்வன், அந்த நெல் சுடுகாட்டை அடுத்த வயலில் விளைந்ததுதான். ஆட்டு வாடை என்று அழகியை விலக்குகிறான் இரண்டாமவன், அவள் குழந்தையாக இருந்தபோது ஆட்டுப்பால் குடித்தவள்தான். மூன்றாமவன் ஏழு மெத்தைகளின் மேல் படுத்து நள்ளிரவுக்கு முன்பே அலறி எழுகிறான். விலாவில் சிவந்த கோடு. மெத்தைகளை எடுத்துப் பார்த்தால் அடியில் ஒரே ஒரு தலைமயிர். அரசன் பொன் கொடுத்து மூவரையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். மூவரில் நுட்பன் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. படுக்கைக்காரன்தான், அவன் உடம்பிலேயே சான்று இருக்கிறது என்பது வேதாளத்தைச் சுமந்து செல்லும் அரசனின் விடை.

ஆமை கடற்கரையிலேயே கிடக்கிறது. வேள்வியை எதிர்பார்த்துத் தந்தை வீட்டில் இருக்கிறார். அந்தக் காரியத்தைக் கெடுத்த பாவத்தோடு மூன்று மகன்களும் அரசன் வீட்டில் சுகமாக இருந்தார்கள் என்று சோமதேவர் விட்டுப்போகாமல் எழுதிவைத்திருக்கிறார். ஆண்டர்சனின் கதைக்கு இந்தச் சுமை கிடையாது. அதில் எவரும் எந்த வேலைக்கும் அனுப்பப்படுவதில்லை, ஆகவே எந்த வேலையும் கெட்டுப்போவதில்லை. குழந்தைக்குச் சொல்ல எளிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதை வந்த மறு ஆண்டு, 1836-இல், டென்மார்க்கின் இதழ் ஒன்றில் ஒரு விமர்சகர் கோபித்துக்கொண்டார். இதைப் படிக்கும் குழந்தை, உயர்குலப் பெண்மணிகள் எல்லாரும் இப்படித் தோல் மெலிந்தவர்கள் என்று தவறாக எண்ணிவிடுமே என்பது அவர் கவலை. ஒரு கதையைக் குழந்தை அப்படியே நம்பும் என்பதை உணர்ந்த அவரை மதிக்கிறேன். அவர் காப்பாற்ற நினைத்தது சீமாட்டிகளின் பெயரை. கதை கேட்டுவிட்டுத் தரையில் பாயை விரித்துப் படுத்து, காலை வரை புரளாமல் தூங்கி எழும் பிள்ளையை அவர் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு ராணியின் சோதனை தேவையே இல்லை. அதன் முடிவு அதற்குத் தெரியும். கரடுமுரடான தரை உறுத்தாத உடம்பு தன்னுடையது என்று அது தினமும் காலையில் உணர்கிறது. இளவரசி வேடம் போட்டு மேடையேறப் பள்ளியில் ஆள் எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய் நிற்கப் பெரியவர்கள் யாரும் அதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. ஐந்து நிமிடக் கதை இவ்வளவு வேலை செய்கிறது.

முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு 1846-இல் வந்தது. அதைச் செய்த சார்லஸ் போனர் ஜெர்மன் வழியாக மொழிபெயர்த்தவர். ஒரு பட்டாணியை நம்ப முடியாது என்று ஜெர்மன்காரர்கள் மூன்றாக்கியிருந்தார்கள். ஆங்கிலத்திலும் மூன்றாகவே வந்தது. ஒரு நாடு விட்டு நாடு போவதற்குள் நம்பிக்கையை வலுப்படுத்த இரண்டு பட்டாணிகள் கூடின. பிறந்த வீட்டை வைத்துப் பெருமை அளப்பதை நம்பக் கூடுதலாக எதுவும் தேவைப்படவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆண்டர்சனை இதில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தந்தை ஓடென்சே நகரில் செருப்புத் தைத்தவர். திருமணமானதும் கட்டில் வாங்கப் பணமில்லை. ட்ராம்பே என்ற பிரபு இறந்தபோது சவப்பெட்டியைத் தாங்கி நின்ற மரச்சட்டத்தை வாங்கி, அதைக் கொண்டு அவரே கட்டில் செய்தார். மரத்தில் கறுப்புத் துணியின் கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது. 1805 ஏப்ரல் 2 அன்று தாம் பிறந்து அழுதுகொண்டு கிடந்தது அந்தக் கட்டிலில் என்று ஆண்டர்சன் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். பிரபுவின் சவம் இறங்கிய பிறகுதான் அந்த மரம் செருப்புத் தைப்பவர் வீட்டுக்கு வந்தது. மெத்தைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அவரைப் போல அறிந்தவர் யார்? 14 வயதில் கோபன்ஹேகன் போனார். அரசர் ஃபிரெடெரிக்கின் உதவியில் படித்தார். 1838 முதல் ஆண்டுக்கு 400 ரிக்ஸ்டாலர் அரச மானியம் பெற்றார். அரண்மனையை வெளியே நின்றும் உள்ளே போயும் பார்த்தவர். கடைசியில் அந்தப் பட்டாணியை அரும்பொருட்கூடத்தில் வைத்தார்கள், யாரும் எடுத்துப் போகாமல் இருந்தால் இன்னும் இருக்கும் என்று கதையை முடிக்கிறார். கோபன்ஹேகனில் அரசர்கள் சேர்த்த அந்தக் கூடம் 1820களிலேயே கலைக்கப்பட்டுப் பொருள்கள் பிரிந்துபோயின. வளர்ந்தவர்கள் இதைப் படித்தால் அவர் யாரைப் பார்த்துப் புன்னகைக்கிறார் என்று தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தப் புன்னகை எட்டாது. அதற்குத் தெரிவது கட்டிலின் உச்சியில் படுத்திருக்கும் பெண்ணும் அவளுக்குக் கிடைத்த முடியும்தான். ஆண்டர்சன் சிரித்ததை நாம் வைத்துக்கொண்டு, மீதியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறோம். பங்கீடு நமக்கு வசதியாக அமைந்துவிட்டது.

அவருடைய தாயைச் சிறுமியாக இருந்தபோது வீட்டார் பிச்சை எடுக்க அனுப்பினார்கள். கேட்க வாய் வராமல், ஓடென்சே ஆற்றுப் பாலத்தின் அடியில் நாள் முழுக்க உட்கார்ந்து அழுதவர் அவர். பிறகு அந்த ஆற்றிலேயே குளிர்ந்த நீரில் நின்று ஊராரின் துணி துவைத்தார். 1833-இல் ஏழைகள் விடுதி ஒன்றில் இறந்தார். செய்தி வந்தபோது மகன் ரோமில் இருந்தார். இரண்டு ஆண்டு கழித்துப் பட்டாணிக் கதை வந்தது.

1850களில் அவர் இன்னொரு கதை எழுதினார். அதில் ஒரு சலவைக்காரி, ஆற்று நீரில் மணிக்கணக்கில் நின்று துணிகளை அடித்துத் துவைக்கிறாள். குளிர் தாங்கக் கொஞ்சம் சாராயம் குடிக்கிறாள். புட்டியை எடுத்துக்கொண்டு போகும் அவளுடைய சிறுவனைச் சன்னலில் நிற்கும் நகரத் தலைவர் நிறுத்தி, உன் அம்மா உருப்படாதவள் என்கிறார். அவள் வேலை செய்தே செத்துப்போகிறாள். அம்மா உருப்படாதவளா என்று பையன் கேட்கிறான். இல்லை, அவள் நல்லவள், உலகம் என்ன சொன்னாலும் அவள் நல்லவள் என்று ஏழைக் கிழவி ஒருத்தி அவனுக்குச் சொல்கிறாள். தோலை வைத்து அல்லாமல் ஒரு பெண்ணின் மெய்யை அளக்கும் கதை அது. எழுதியதும் அதே கைதான்.

அதைப் படுக்கையில் பிள்ளைக்குப் படித்துக் காட்டியவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. குழந்தைகள் மனம் வாடக் கூடாது என்பதில் பெற்றோர் காட்டும் கவனத்துக்கு என் பாராட்டு. ஆண்டர்சனின் முழுத் தொகுப்பில் இரண்டும் ஒரே அட்டைக்குள்தான் இருக்கின்றன. எந்தப் பக்கத்தைப் பிரிப்பது என்பதில் அவர்களுக்கு ஒரு முறைகூடக் கை தடுமாறியதாகத் தெரியவில்லை.